ஈரக் கம்பளிச் செருப்பு

9

“முதலாளியம்மா, ஏரிக்கரைக்கு வந்துட்டோம்னு சொன்னீங்க. ஏரியை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?”

பெப்பி கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் ஹெர்மினா கோஃப்லருக்குச் சிரிப்பு வரவில்லை. மிட்டர்வாங் படகுத்துறையில் இறங்கியதிலிருந்து இருவரும் கரைச் சாலையில் நடந்துகொண்டே இருந்தார்கள். வலது பக்கம் முழுக்க மதில். மதில் முடிந்தால் வேலி, வேலி முடிந்தால் மறுபடி மதில். பேரரசர் காலத்துப் பெரிய மனிதர்கள் கோடையைக் கழிக்கக் கட்டிய வில்லாக்களின் கூரைகள் மட்டும் மேலே எட்டிப் பார்த்தன. முனையில் நிற்கும் ஆயன்ஸ்டைன் கோட்டையை ஒரு ஹோட்டல் கம்பெனி வாங்கி, தண்ணீருக்குள்ளேயே கம்பி வேலி இறக்கியிருந்தது. அந்தப் பக்கம் போகிற வாத்துகூட அனுமதி கேட்டுத்தான் நீந்த வேண்டும் போலிருக்கிறது.

“இன்னும் ஒரு மதில் வந்துச்சுன்னா எட்டி உதைப்பேன்” என்றாள் ஹெர்மினா.

“உதைங்க. ஆனா இடது காலால உதைங்க. வலது முட்டிக்கு டாக்டர் பீஸ் நான்தான் போய்க் கட்டினேன்.”

ஐம்பத்து நாலு வயது ஹெர்மினா ஒரு காலத்தில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் காவல்துறையில் இருந்தவள். மேலதிகாரியை முட்டாள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னது உண்மை என்பதால் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து தனியார் துப்பறிவாளர். பெப்பி ஏரிக் கப்பலில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவன். பயணிகள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறான் என்று அங்கேயிருந்து துரத்தப்பட்டவன். ஒரு வேலையிலும் ஒட்டாத இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கும் கோபம்தான்” என்றான் பெப்பி. “க்ராம்ஸர் கேக் கடை வாசல்ல அட்டை தொங்குது பார்த்தீங்களா? திங்கள், செவ்வாய் விடுமுறை. நாம வந்தது செவ்வாய்க்கிழமை. இந்த நாட்டுல உலகமே அழிஞ்சாலும் விடுமுறை நாள்ல ஒருத்தனும் கதவைத் திறக்க மாட்டான்.”

“ஒரு பொம்பளையை வீட்டை விட்டுத் துரத்தப் போறாங்க. உனக்கு கேக்கு முக்கியம்.”

“கேக்கு இருந்தா எனக்கு இன்னும் நல்லா கோபம் வரும்.”

துரத்தப்பட இருந்த பெண்ணின் பெயர் ஸென்ஸி. அவர்களை வரவழைத்தவளும் அவள்தான். வில்லா செராஃபினாவில் கல்யாணமாகாத காலத்திலிருந்து வேலை பார்ப்பவள், இப்போது அறுபதைத் தாண்டியவள். வில்லாவின் சொந்தக்காரி ஒட்டிலியே அம்மாள். புருஷன் அரசாங்கத்தில் ஹோஃப்ராட் என்ற உயர் பதவியில் இருந்தவர், செத்து எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் ஊருக்கு அவள் இன்னமும் ஹோஃப்ராட்டம்மாதான். அந்த அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரத்தில், சனிக்கிழமை இரவு வில்லாவில் திருட்டு. போனது ஒரே ஒரு பொருள். கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பொன் ஜரிகைத் தொப்பி. குடும்பத்துப் பெண்கள் நாலு தலைமுறையாக, தேவாலயத்திலிருந்து ஏரியில் போகும் நற்கருணைப் பவனிக்கு அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு படகில் ஏறுவார்கள். இந்த வியாழக்கிழமை பவனி.

அன்றைக்கு ஊர் முழுக்கத் தீயணைப்புப் படையின் விருந்துக் கூடாரத்தில் இருந்தது. ஸென்ஸி மட்டும் பல்வலியோடு வீட்டில் படுத்திருந்தாள். போலீஸ் அவள் மேல் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது.

அவள் வீடு என்பது வில்லா தோட்டத்தின் கோடியில், தண்ணீரை ஒட்டி நிற்கும் படகுக் குடில். உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம் என்று ஹோஃப்ராட் எழுதிக் கொடுத்திருந்தார். வில்லாவில் திருடினாள் என்று தீர்ப்பானால் அந்த உரிமை போய்விடும். குடில் காலியானால் அதை ஒட்டிய புல்வெளியும் விற்பனைக்கு வந்துவிடும். மிட்டர்வாங்கில் ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஏரியில் இறங்கக் கூடிய கடைசி இடம் அந்தப் புல்வெளிதான்.

மதில்களைப் பார்த்து ஹெர்மினாவுக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபத்துக்கு அர்த்தம் இல்லாமல் இல்லை.

*

வில்லாவின் கதவைத் திறந்த ஸென்ஸி அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

மூன்று நாளாக விடாமல் பெய்த மழை மத்தியானம்தான் நின்றிருந்தது. தோட்டத்துப் பாதை சேறாகிக் கிடந்தது. இருவரும் வாசல் விரிப்பில் நின்று ஷூவைக் கழற்றினார்கள். ஸென்ஸி கதவுக்குப் பக்கத்தில் இருந்த மர பெஞ்சின் பலகையைத் தூக்கி, உள்ளேயிருந்து இரண்டு ஜோடி கம்பளிச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

“பெஞ்சுக்குள்ளயா செருப்பு?” என்றான் பெப்பி. “பார்த்தா யாருக்கும் தெரியாது.”

“எப்பவும் மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அலமாரியிலதான் இருக்கும். போன பனிக்காலத்துல தண்ணிக் குழாய் வெடிச்சு அலமாரி ஊறிப்போச்சு. அதுலேர்ந்து இங்க மாத்தி வச்சிருக்கேன்.” ஸென்ஸியின் குரல் அழுது முடித்த குரலாக இல்லை. அழ மறுத்த குரலாக இருந்தது. “சமையக்கட்டுக்கு வாங்க. புகை போட்ட மீனும் ரொட்டியும் இருக்கு.”

பெப்பிக்கு உடனே அவள் நிரபராதி என்று தோன்றிவிட்டது.

கூடத்தின் தரை முழுக்க மெழுகு பூசித் தேய்த்த மரக்கட்டை. நட்சத்திர நட்சத்திரமாக இழைத்துப் பதித்திருந்தார்கள். முகம் பார்த்துத் தலை வாரலாம். அதற்கு நடுவில் காலியான கண்ணாடிப் பெட்டி நின்றது.

“வாசல் பூட்டை உடைக்கல?” என்றாள் ஹெர்மினா.

“வீட்டுச் சாவி ஜெரானியப் பூந்தொட்டிக்குக் கீழ இருக்கும். அது ஊருக்கே தெரியும்.”

“அப்புறம் எதை வச்சு உங்களைப் பிடிச்சாங்க?”

“சேத்தை வச்சு.” ஸென்ஸி ரொட்டியை வெட்டினாள். கத்தி பலகையில் டக் டக் என்று இறங்கியது. “சேறு இல்லாததை வச்சுன்னு சொல்லணும். சனிக்கிழமை ராத்திரி கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. தரையில ஒரு பொட்டு சேறு இல்ல. வெளியாள் வந்திருந்தா சேத்தோட வந்திருப்பான், இது உள்ளாள் வேலைன்னுட்டார் இன்ஸ்பெக்டர் ஹாஸ்லிங்கர். உள்ளாள்னா நான் ஒருத்திதானே.”

ஹெர்மினா கையிலிருந்த முட்கரண்டியை வைத்தாள். “அந்த ஆள் எந்த ஊர்க்காரர்?”

“இந்த ஊர்தான். சின்ன வயசுல இங்க வந்து பிஸ்கட் தின்ன பிள்ளை.”

“பிஸ்கட் தின்ன வர்றப்போ ஷூவோடயா வந்தான்?”

“வந்திருந்தா முதுகுல போட்டிருப்பேன்.”

“அதான் சொல்றேன். இந்த ஜில்லாவுல அடுத்தவன் வீட்டுக்குள்ள ஷூவோட நுழையற ஜென்மம் உண்டா? திருட வந்தவனும் இங்கதானே வளர்ந்திருப்பான்? கழட்டாம அவனுக்குக் கால் உள்ள வராது. இது புரியாம ஒரு பொம்பளை தலையில பழியைத் தூக்கிப் போட்டுட்டு...” மேலே வந்த வார்த்தையை ஹெர்மினா மீனோடு சேர்த்து விழுங்கினாள்.

ஸென்ஸி கத்தியைக் கீழே வைத்தாள். யாராவது இதைச் சொல்வார்களா என்று மூன்று நாளாகக் காத்திருந்தவள் போல அவள் முகம் மாறியது.

“கழட்டினான்மா. எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல பெஞ்சைத் திறந்தா ஒரு ஜோடி உள்பக்கம் ஈரமா இருந்துச்சு. காலுறை நனைஞ்சவன் போட்டிருக்கான். வெறும் ஈரக் காலுறையோட நடந்தா மெழுகுத் தரையில தடம் பதிஞ்சிடும்ல? செருப்பு ஈரமா இருக்குன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட ஆரம்பிச்சேன். எங்கேன்னுகூடக் கேட்கல. திருடன் செருப்புப் போட்டுக்கிட்டுத் திருடினானான்னு கேட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.”

“வேற ஏதாவது மாறியிருந்துச்சா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க.”

“மாடிப்படி அலமாரிக் கதவு திறந்து கிடந்துச்சு. அதை இப்ப யாரும் தொடறதே இல்ல. உள்ள ஒரு துடைப்பம்தான் இருக்கு.”

ஹெர்மினா எழுந்துவிட்டாள். அலமாரியைப் போய்ப் பார்த்தாள், பெஞ்சைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு மூளை வேலை செய்தாலும் காது சிவக்கும், கோபம் வந்தாலும் காது சிவக்கும். இப்போது எது என்று பெப்பியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நேரம் முன்கதவு படாரென்று திறந்தது. தொப் தொப்பென்று ஷூச் சத்தம் நேராக உள்ளே வந்தது.

“ஷூ!” என்று ஸென்ஸி அலறினாள்.

“என் வீட்டுல நான் எப்படி வேணா நடப்பேன்.” ஹோஃப்ராட்டம்மாவின் அண்ணன் மகன் எகோன். வியன்னாவில் வளர்ந்தவன். அத்தைக்குப் பதிலாக வில்லா விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தான். வாசலிலிருந்து சமையலறைவரை நட்சத்திரங்களின் மேல் சேறு வரிசையாக விழுந்திருந்தது. “நீங்கதான் அந்தத் துப்பறியற அம்மாவா? வீண் வேலை. நாலு மணிக்கு ஊர்த் தலைவர் வர்றார். குடில் எனக்கு வேண்டாம்னு இவ ஒரு கையெழுத்துப் போட்டா நான் புகாரை வாபஸ் வாங்கிடறேன். தொப்பியும் குடில்ல எங்கயோ மறந்து வச்சது கிடைச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். எல்லாம் அவர் ஏற்பாடு. தங்கமான மனுஷன். இவளுக்காக என்கிட்ட கெஞ்சினார்.”

“கையெழுத்துப் போடாட்டி?”

“நாலரைக்கு இன்ஸ்பெக்டர் வருவார்.”

“நான் எடுக்கலடா!” ஸென்ஸி மேசையில் அறைந்தாள். “எடுக்காததை எடுத்தேன்னு ஒத்துக்கிட்டு என் வீட்டை நான் குடுக்கணுமா?”

எகோன் தோளைக் குலுக்கிவிட்டு, மீனில் ஒரு துண்டைக் கையால் எடுத்துத் தின்றுவிட்டு, மாடிக்குப் போனான். படியெல்லாம் சேறு.

பெப்பி அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “இவன்தான், முதலாளியம்மா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.”

“இவன் இல்ல.” ஹெர்மினா பல்லைக் கடித்தாள். “இவனா இருக்கக் கூடாதான்னு எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா இவன் பொறந்ததிலேர்ந்து ஒரு இடத்துல ஷூ கழட்டியிருக்க மாட்டான். திருட வந்திருந்தா வண்டிப் பாதை மாதிரி சேறு போட்டிருப்பான். மரியாதை தெரியாத குணம் இவனைக் காப்பாத்திடுச்சு.”

“அப்ப மரியாதை தெரிஞ்சவன் யாரோ திருடியிருக்கான்.”

“அதுமட்டும் இல்ல. திருடன் முதல்ல எங்க போய்ச் செருப்புத் தேடினான்?”

“மாடிப்படி அலமாரியில.” பெப்பியின் வாய் திறந்தபடியே நின்றது. “ஸென்ஸி எதுக்கு அங்க தேடணும்? இடத்தை மாத்தினதே இவங்கதானே!”

“அதேதான். திருடன் இந்த வீட்டுக்குப் பழைய விருந்தாளி. ஆனா போன பனிக்காலத்துக்குப் பிறகு வந்ததே இல்ல. அலமாரியில இல்லன்னதும் தேடியிருக்கான். பெஞ்சுல கிடைச்சிருக்கு. ஸென்ஸி, அந்த மாதிரி யார் யார் இருக்காங்க?”

ஸென்ஸி யோசித்தாள். “அம்மாவோட சீட்டாட வர்றவங்கதான் இருந்தாங்க. பாதிப் பேர் செத்துட்டாங்க. ஆல்ஃபோன்ஸ் வருவார், ஊர்த் தலைவர். இந்தப் புல்வெளியை வாங்கிக் கோட்டைக் கம்பெனிக்குக் குடுக்கறேன்னு ஒரு நாள் வாயைத் திறந்தார். அம்மா கையில இருந்த சீட்டை அவர் மூஞ்சியில விட்டெறிஞ்சாங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இந்தப் படியை மிதிச்சதில்லன்னு அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவார். என்கிட்ட பேச வந்தாலும் குடில் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவார்.”

பெப்பி வாசல் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“தங்கமான மனுஷன்” என்றாள் ஹெர்மினா. காது நன்றாகவே சிவந்திருந்தது. இந்த முறை கோபம்தான் என்பதில் பெப்பிக்குச் சந்தேகம் இல்லை. “ஸென்ஸி, தலைவருக்குப் போன் போடுங்க. கையெழுத்துப் போடறேன், ஆனா அம்மாவோட கூடத்துல உட்கார்ந்துதான் போடுவேன், இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. பெப்பி, நீ போய் இன்ஸ்பெக்டரை இப்பவே கூட்டிட்டு வா.”

“வர மாட்டேன்னா?”

“மீன் இருக்குன்னு சொல்லு.”

*

இன்ஸ்பெக்டர் ஹாஸ்லிங்கர் மீனுக்காகவே வந்தார். ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வந்தபோது ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தவர், இன்று விருந்தாளியாக வந்ததால் வாசல் விரிப்பில் ஷூவை ஒழுங்காகக் கழற்றினார். பெஞ்சைத் தாண்டினார். நேராக மாடிப்படிக்குப் போய் அலமாரியைத் திறந்தார்.

துடைப்பம் அவர் நெற்றியில் விழுந்தது.

“செருப்பு எங்க, ஸென்ஸி?”

“அதைத்தான் நாங்களும் தேடறோம், இன்ஸ்பெக்டர்” என்றாள் ஹெர்மினா. “பிஸ்கட் தின்ன காலத்துலேர்ந்து நீங்க இந்த வீட்டுக்கு விருந்தாளியா வரலன்னு இப்ப எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு யோசிச்சுக்கிட்டே இந்தத் தூணுக்குப் பின்னாடி நில்லுங்க. நான் கூப்பிடறவரை வாயைத் திறக்கக் கூடாது.”

“யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? நான் அரசாங்க...”

“சேறு இல்லாததால இவதான் திருடின்னு எழுதினவர்தானே நீங்க? நில்லுங்கய்யா!”

அவர் நின்றார். கையில் மீன் தட்டு இருந்ததால் அதிகம் எதிர்க்கவும் முடியவில்லை. பெப்பி அவசரமாக ஒரு ஜோடியை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டு, பெஞ்சை மூடிவைத்தான். எகோன் மாடியிலிருந்து இறங்கி வந்து கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

தோட்டப் பாதையில் ஆல்ஃபோன்ஸ் ஷ்வைகர் வருவது தெரிந்தது. தடித்த கம்பளிக் கோட்டு, தொப்பியில் இறகு, முகம் நிறையச் சிரிப்பு. ஒரு கையில் தோல் பை. இன்னொரு கையில் க்ராம்ஸர் கேக் கடையின் நீல நாடா கட்டிய வட்டப் பெட்டி.

அவர் படியில் கால் வைப்பதற்குள் ஹெர்மினா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆயன்ஸ்டைன் கோட்டைக்காரன் ஏரிக்குள்ள வேலி போட்டானே, அதுக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே, தலைவரே?”

சிரிப்பு லேசாக ஆடியது. “நீங்க யாரும்மா?”

“ஏரியில குளிக்கணும்னு ஆசைப்படற ஒரு பொம்பளை. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஏரி என்ன உங்க அப்பன் வீட்டுக் குளியல் தொட்டியா?”

“வார்த்தையை அளந்து பேசுங்க!” அவர் இடது ஷூவின் பின்பக்கத்தை வலது கால் நுனியால் அழுத்தி உதறினார். “சட்டப்படிதான் எல்லாம் நடந்திருக்கு. அந்தக் கம்பெனி இந்த ஊருக்கு எவ்வளவு வேலை குடுக்குது தெரியுமா?”

“எத்தனை பேருக்கு? கோட்டையில பாத்திரம் கழுவறவங்க பக்கத்து ஊர்லேர்ந்து பஸ்ல வர்றாங்க.”

“அது அவங்க நிர்வாகம்!” இரண்டாவது ஷூவும் போயிற்று. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “இருபது வருஷமா இந்த ஊருக்கு மாடா உழைக்கறேன். நேத்து வந்தவங்க எல்லாம் என்னைக் கேள்வி கேட்கறதா?” ஹெர்மினா ஓரமாக ஒதுங்க, அவர் உள்ளே நுழைந்தார். தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண் முழுக்க ஹெர்மினா மேல்தான். கை தானாகக் கீழே போய் பெஞ்சுப் பலகையைத் தூக்கியது. “ஸென்ஸிக்கு நான் செய்யற உதவியை வேற எவன் செய்வான்? சொல்லுங்க!” ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். கால்களை நுழைத்தார். பலகையை மூடினார். “எவன் செய்வான்னு கேட்கறேன்!”

எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள்.

தூணுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் மீன் தட்டோடு மெதுவாக வெளியே வந்தார். அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“என்ன எல்லாரும் பார்க்கறீங்க?”

“எத்தனை வருஷமா நீங்க இந்த வீட்டுக்குள்ள வரல, தலைவரே?” என்றாள் ஹெர்மினா. இப்போது அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஒன்பது வருஷம். ஊருக்கே தெரியும்.”

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி செருப்பு மாடிப்படி அலமாரியில இருந்துச்சு. போன பனிக்காலத்துலதான் பெஞ்சுக்கு வந்துச்சு. இன்ஸ்பெக்டருக்கே தெரியல, துடைப்பத்தால அடி வாங்கினார். உங்க கைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?”

ஆல்ஃபோன்ஸ் தன் காலைக் குனிந்து பார்த்தார். சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பு அமைதியாக இருந்தது. “யாரோ சொன்னாங்க... எகோன் சொன்னான்.”

“நானா?” எகோன் நாற்காலியிலிருந்து எழுந்தான். “இங்க செருப்பு இருக்குன்னே எனக்கு இப்பதான் தெரியும். நான் என்னைக்கு அதைப் போட்டேன்?”

சேற்று ஷூ அவன் காலிலேயே சாட்சியாக இருந்தது.

“சரி, ஒரு பெஞ்சைத் திறந்தது குத்தமா?” தலைவரின் குரல் பழைய உயரத்துக்கு ஏறப் பார்த்தது. “தொப்பி எங்க? அதைக் காட்டுங்க முதல்ல!”

“காட்டறோம். அதுக்கு முன்னாடி கேக்கை வெட்டலாமா?” என்றான் பெப்பி. கையில் ஏற்கெனவே கத்தி இருந்தது.

பெட்டியைப் பிடித்திருந்த கை இறுகியது. “அப்புறம் வெட்டலாம்.”

“காலைலேர்ந்து பசிங்க. எப்ப வாங்கினீங்க?”

“இப்பதான். வர்ற வழியில.”

“செவ்வாய்க்கிழமை கடை பூட்டு.”

“நேத்து... நேத்து வாங்கினேன்.”

“நேத்தும் பூட்டு. திங்கள், செவ்வாய் விடுமுறை. நான் அந்த வாசல்ல நின்னு அழுதிருக்கேன், எனக்குத் தெரியாதா?” பெப்பி முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “கேக் கொண்டு வந்துட்டு வெட்ட விடாத ஆளை நான் ஆஸ்திரியாவுல இதுவரைக்கும் பார்த்ததில்ல.”

“இன்னைக்குச் சாயங்காலம் குடில்ல தொப்பி ‘கிடைக்கணும்’னா, அது உங்க கையோட வந்துதானே ஆகணும்” என்றாள் ஹெர்மினா. “இன்ஸ்பெக்டர், தட்டைக் கீழே வச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க.”

ஹாஸ்லிங்கர் தட்டை வைத்தார். தலைவரின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். அதிகம் இழுக்க வேண்டியிருக்கவில்லை. நீல நாடாவை அவிழ்த்து மூடியைத் திறந்ததும் சாயங்கால வெயில் உள்ளே விழுந்து, அவர் முகவாயெல்லாம் பொன்னிறமாக மின்னியது. பஞ்சுத் தாளை விரித்து அதன் மேல் பக்குவமாக, ஒரு ஜரிகை இழைகூடப் பிசகாமல் வைத்திருந்தார் ஆல்ஃபோன்ஸ். திருடினாலும் பவனிக்கு உரிய பொருளைக் கசக்க அந்த ஊர்க்காரனுக்கு மனம் வரவில்லை.

ஸென்ஸி தொப்பியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“என் வாசல்ல வந்து நின்னு, கவலைப்படாதே ஸென்ஸி, நான் இருக்கேன்னு சொன்னீங்களே. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்களே.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “மூணு நாளா ஊருக்குள்ள தலை நிமிர முடியல. ரொட்டிக் கடையில ஒருத்தி என் கூடைக்குள்ள எட்டிப் பார்த்தா. அந்தக் கையாலதான் இதையும் எடுத்தீங்களா?”

“ஊர் நல்லதுக்குத்தான்...” என்று அவர் ஆரம்பித்தார்.

“வாங்க போகலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். பழைய சிநேகம் அவர் குரலில் இல்லை. முட்டாளாக்கப்பட்டவனின் கோபம்தான் இருந்தது.

ஆல்ஃபோன்ஸ் வாசலைப் பார்த்து நடந்தார். ஸென்ஸி குறுக்கே வந்து நின்றாள்.

“அது வீட்டுச் செருப்பு. கழட்டுங்க.”

அவர் கழற்றினார். காலுறையோடு விரிப்பில் நின்று தன் ஷூவைத் தேடினார். அது விரிப்பில் இல்லை. இரண்டையும் நாடாவைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஸென்ஸி வராந்தாவின் ஓரத்துக்குப் போயிருந்தாள். கீழே படிகள், அதற்குக் கீழே ஏரி. கோட்டையின் வேலி தூரத்தில் வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அவள் கையை ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள். வேலைக்காரியின் கை, பல வருடம் விரிப்புகளை உதறிய கை. ஷூக்கள் நன்றாகத் தூரம் போய் விழுந்தன.

“ஏரி எல்லாருக்கும் பொது, தலைவரே. இறங்கி எடுத்துக்குங்க.”

அவர் இறங்கவில்லை. சேற்றுப் பாதையில் வெறும் காலுறையோடு, இன்ஸ்பெக்டருக்கு ஒரு அடி முன்னால் நடந்து போனார். அடுத்த வில்லாவின் மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் முளைத்திருந்தன. ராத்திரிக்குள் ஊர் முழுக்க அந்தக் காலுறையின் நிறம் தெரிந்துவிடும்.

“இன்ஸ்பெக்டர் அந்த ஷூவை சாட்சியா கேட்டா என்ன சொல்றது?” என்றான் பெப்பி.

“அவரை இறங்கி எடுத்துக்கச் சொல்லு.” ஹெர்மினா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கோட்டை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது இன்னும் ஆறவில்லை. ஒரு கையெழுத்தைத் தடுத்தாயிற்று. போட்டு முடித்த கையெழுத்துகள் அங்கே தண்ணீருக்குள் கம்பியாக நின்றுகொண்டிருந்தன.

ஸென்ஸி தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். மாடிப்படியிலிருந்து நாற்காலிவரை சேற்றுத் தடம். நாற்காலியில் எகோன். துடைப்பத்தைப் பிடித்தபடி அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எகோன் அவளைப் பார்த்தான். துடைப்பத்தைப் பார்த்தான். வராந்தாவுக்கு வெளியே ஏரியைப் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“பெஞ்சுக்குள்ள இருக்கு” என்றாள் ஸென்ஸி.